மழை பெஞ்சா மையத்தைப் பூட்டாதீங்க

முதல்ல ஒரு வாக்குமூலம். போன வருஷம் இதே இதழ்ல நம்ம கிளப்போட கடற்கரை நிகழ்ச்சி பத்தி ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. அதுல "120 பேர் பயனடைந்தனர்" என்று ஒரு வரி. உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அந்த மாதிரி வரியை யாரும் படிக்கிறதில்லை. அதை எழுதினவன் நான். அன்னைக்கு வந்தவங்க மொத்தம் 60 பேர் இருப்பாங்க, அதுலயும் பாதிப் பேர் நம்ம பஸ்ல வந்து இறங்கினவங்க. "கொஞ்சம் ரவுண்ட் பண்ணிக்கோ"ன்னு சொன்னாங்க, பண்ணிக்கிட்டேன். 60-ஐ ரவுண்ட் பண்ணினா 120 வரும்ங்கிறது இன்ஜினியரிங் படிச்சவனுக்குத்தான் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்த நம்பரைப் பத்தினது. அதுக்கு நடுவுல ஒரு மழை நாள் வருது, அதை முதல்ல சொல்லிடுறேன்.

நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில ஒரு சின்ன விளக்க மையம் இருக்கு. பேர் வேண்டாம், அங்க வேலை பார்க்கிற வாட்சர் அண்ணனுக்கு என்னால தொந்தரவு வரக் கூடாது. ரெண்டு ரூம், முன்னாடி ஒரு திண்ணை, மேல ஆஸ்பெஸ்டாஸ். முதல் ரூம் முழுக்க ஆமை, பறவை பத்தின போர்டுகள். ரெண்டாவதுல சங்கு, சோழி, ஒரு டிவி, அப்புறம் ஃபைபர்ல செஞ்ச பெரிய ஆமை ஒண்ணு. ஆமை முதுகுல விரிசல் இருக்கும். அது மேல உட்கார்ந்து ஸ்டோரி போட்ட நம்ம ஆளுங்க புண்ணியம். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சனி, ஞாயிறுகள்ல நம்ம கிளப்ல இருந்து ரெண்டு ரெண்டு பேரா அங்க டியூட்டி போறோம். வர்றவங்களுக்கு விளக்கணும், ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கணும், சாயங்காலம் ஒரு ஃபார்ம் நிரப்பி அனுப்பணும்.

டிசம்பர் ஆரம்பம். வெள்ளிக்கிழமை ராத்திரி நாகை துறைமுகத்துல ஒண்ணாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியாச்சுன்னு நியூஸ். ஒண்ணாம் நம்பர்னா எங்கேயோ தூரத்துல ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி இருக்குன்னு அர்த்தம், நம்ம தலை மேல இல்ல. ஆனா மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்னு அறிவிச்சிருவாங்க. வாட்ஸ்அப் குரூப்ல உடனே மெசேஜ்: "நாளைக்கு யாரும் போக வேண்டாம், விசிட்டர்ஸ் வர மாட்டாங்க, டே வேஸ்ட்." என் கூட வர வேண்டியவன் அதுக்கு ஒரு தம்ஸ் அப் போட்டுட்டுத் தூங்கிட்டான்.

நான் போனேன். தியாகமெல்லாம் ஒண்ணும் இல்லை. சர்டிபிகேட்டுக்கு எனக்கு 8 மணி நேரம் குறைஞ்சது, ஜனவரியில பிராஜெக்ட் ரிவ்யூ இருக்கு, வேற சனிக்கிழமை கிடைக்காது. மழைன்னா வேலையும் இருக்காது, எட்டு மணி நேரமும் கிடைச்சிரும். கணக்கு சரியா இருந்துச்சு. ரெண்டு பஸ் மாறி, ஷூ நனைஞ்சு, ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போனேன். வாட்சர் அண்ணன் என்னைப் பார்த்துட்டு, "உங்களுக்கு யாரும் சொல்லலையா?"ன்னுதான் கேட்டார்.

டவர் இல்லை. கரண்ட் போயிருச்சு, அதனால டிவி இல்லை. ஆஸ்பெஸ்டாஸ்ல மழை விழுற சத்தத்துல அண்ணன் பேசுறதே பாதிதான் கேட்டுச்சு. செய்ய வேற எதுவும் இல்லாம நான் ஒரு காரியம் பண்ணினேன், ரெண்டு வருஷமா பண்ணாதது. போர்டுகளைப் படிச்சேன். சிரிக்காதீங்க. விசிட்டருக்கு ரெண்டு வருஷமா "விளக்கிக்கிட்டு" இருந்த எல்லாமே சீனியர் ஒருத்தர் சொல்லிக் கொடுத்த அஞ்சு நிமிஷ ஸ்க்ரிப்ட். போர்டை முழுசா படிச்சது அன்னைக்குத்தான்.

ஒரு ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவுக்குப் போடும். மணலுக்குள்ள 45 முதல் 60 நாள்ல பொரியும். குஞ்சு ஆணா பெண்ணாங்கிறதை மணலோட சூடுதான் முடிவு பண்ணுது. சூடு கூடினா பெண், குறைஞ்சா ஆண். ராத்திரியில வெளிய வர்ற குஞ்சுகள் வெளிச்சம் இருக்கிற பக்கம் நகரும். இருட்டுல கடல் பக்கம்தான் கொஞ்சம் வெளிச்சமா இருக்கும், அதான் வழி. கரையில தெருவிளக்கு இருந்தா வழி தப்பிடும். இதெல்லாம் இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல, கீழே தமிழ்ல சின்ன எழுத்துல. தமிழ்ப் பகுதியை எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம், 'வெப்பநிலைசார் பாலின நிர்ணயம்'னு போட்டா எனக்கு மூச்சு வாங்குது.

பதினோரு மணி இருக்கும். தலையில பிளாஸ்டிக் சாக்கைக் கவுத்துப் போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் திண்ணையில ஏறினார். மழைக்கு ஒதுங்குறார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு, "உள்ள பாக்கலாமா தம்பி? காசு உண்டா?"ன்னு கேட்டார். காசு இல்லைங்கய்யா, வாங்கன்னேன். செருப்பை வெளியவே விட்டுட்டு வந்தார். அந்த மையத்துக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு வந்த ஒரே ஆளை நான் பார்த்தது அவரைத்தான்.

நான் ஸ்க்ரிப்டை ஆரம்பிச்சேன். "ஐயா, இது வந்து ஆலிவ் ரிட்லி..."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பங்குனி ஆமைல்ல? பேரை மாத்திட்டாங்களா?"

இல்லைங்கய்யா, ஆலிவ் ரிட்லின்னுதான்...

"தை, மாசியில கரையேறி முட்டை போடும். பங்குனியில குஞ்சு கடலுக்குப் போவும். அதான் பங்குனி ஆமை. நீ சொல்ற பேருக்கு என்னா அர்த்தம்?"

எனக்குத் தெரியாது. ஆலிவ்னா அதோட நிறம், அது வரைக்கும் சரி. ரிட்லின்னா? அவர் நிக்கும்போதே மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரைக்கும் முட்டை, 45 முதல் 60 நாள், மார்ச் பாதியில இருந்து ஏப்ரல். பங்குனி. போர்டுல நாலு வரியில இருந்த விஷயம் அந்தப் பேர் ஒண்ணுக்குள்ளயே இருக்கு. அந்தப் பேர் மட்டும் போர்டுல இல்லை.

அவர் போன பிறகு இன்னும் மூணு பேர் வந்தாங்க. அவரே போய்ச் சொல்லியிருக்கணும். விசைப்படகுல வேலைக்குப் போற ரெண்டு பசங்க, என் வயசு இருக்கும். அப்புறம் மீன் விக்கிற ஒரு அக்கா, அன்னைக்குக் கூடையில மீன் இல்லாததால சும்மா வந்தாங்க. நாலு பேருக்கும் வீடு அந்த மையத்துல இருந்து நடக்கிற தூரம். நாலு பேருமே அன்னைக்குத்தான் முதல் தடவையா உள்ள வந்தாங்க.

ஏன்க்கா வந்ததே இல்லைன்னு கேட்டேன். "நீங்க திறக்குறது பத்து மணிக்கு. அந்நேரம் நான் எங்க இருப்பேன்? ஏலம் எடுத்து, கூடையைத் தூக்கிட்டு ஊருக்குள்ள போயிருப்பேன். ஞாயித்துக்கிழமை இன்னும் வேலை ஜாஸ்தி. அதுவும் இல்லாம, கார்ல வர்றவங்க கூட்டமா நிக்கையில மீன் கூடையோட எப்படித் தம்பி உள்ள வர்றது?"

இந்த ஒரு பதில்தான் இந்தக் கட்டுரை. கடற்கரையில மையம் கட்டி, கடற்கரைக்காரங்க வேலையில இருக்கிற நேரத்துல திறந்து வைக்கிறோம். அவங்களுக்கு வேலை இல்லாத நாள் எது? கூண்டு ஏத்துற நாள். அந்த நாளை நாம "டே வேஸ்ட்"னு சொல்லிப் பூட்டிடுறோம்.

இதுல அப்படி என்ன போயிடுச்சுன்னு கேட்கலாம். ஆமை எதனால சாகுதுன்னு யோசிங்க. 2025 ஜனவரியில சென்னை கடற்கரையில நூற்றுக்கணக்குல ஆமைகள் செத்து ஒதுங்கின செய்தியைப் பார்த்திருப்பீங்க, ஷேர் கூடப் பண்ணியிருப்பீங்க. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேல வந்தே ஆகணும். இழுவலைக்குள்ள சிக்கினா மேல வர முடியாது, மூச்சு முட்டிச் செத்துடும். இதுக்கு ஒரு கருவி இருக்கு. வலையோட வால் பக்கம் சாய்வா ஒரு கம்பிச் சட்டம் வைப்பாங்க. இறால் கம்பி இடைவெளியில பூந்து பின்னாடி போயிடும். ஆமை கம்பியில முட்டி, சரிவுல நழுவி, மேல இருக்கிற ஒரு திறப்பு வழியா வெளிய போயிடும். டி.இ.டி.ன்னு சொல்றாங்க. கொச்சியில இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம கடலுக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு வடிவமைச்சிருக்கு. இது இல்லாம பிடிக்கிறாங்கன்னு 2019-ல இருந்து நம்ம நாட்டுக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குறதில்லை. ஆமைப் பிரியர்கள் விவகாரம்னு ஒதுக்க முடியாது, கோடிக்கணக்கான பணம் இதுல இருக்கு.

இந்தக் கருவியை வலையில கட்ட வேண்டியவன் யார்? ஞாயித்துக்கிழமை கார்ல வர்ற குடும்பமா? ரெண்டு வருஷமா அந்தப் படத்தைக் காட்டி நான் விளக்கினது முழுக்க, ஜென்மத்துல இழுவலையைத் தொடப் போகாதவங்களுக்கு. தலையாட்டி "ச்சோ பாவம்"னு சொல்லிட்டு வெளிய போய் மீன் வறுவல் சாப்பிட்டாங்க. அன்னைக்கு மழையில வந்த அந்த ரெண்டு பசங்க நிஜமாவே அந்த வலையை இழுக்கிறவங்க. படத்துக்கு முன்னாடி இருபது நிமிஷம் நின்னாங்க.

முதல் கேள்வி: "கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி?" போர்டுல இல்லை. எனக்கும் தெரியலை.

ரெண்டாவது: "குப்பை வந்து கம்பியில அடைச்சா? எங்க வலையில பாதி பிளாஸ்டிக்கும் சொறியும்தான் வருது." சொறின்னா ஜெல்லிஃபிஷ், அதையும் அவங்கதான் சொன்னாங்க.

மூணாவது கேள்வி கேட்டவன் கொஞ்சம் கோபமாவே கேட்டான். "பெரிய மீனும் அந்த ஓட்டை வழியாத்தான போவும்? அந்தக் காசு யார் தருவா? எங்க சம்பளமே பங்குதான். ஓனருக்குக் குறைஞ்சா எங்களுக்கும் குறையும்."

பாருங்க, மூணுமே இன்ஜினியரிங் கேள்வி. நம்ம டிசைன் லேப்ல கேட்டா "குட் கொஸ்டின்"னு சொல்லி மார்க் போடுவாங்க. அடைச்சா கம்பியோட சாய்வை மாத்தணுமா, இடைவெளியை மாத்தணுமா? எவ்வளவு மீன் இழப்பு வரை தாங்கும்? எனக்கு ஒரு பதிலும் தெரியலை. ஆனா ஒண்ணு தோணுச்சு. நாங்க நாலு பேரு ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்காம, நெட்ல தேடி, யாரோ ஏற்கனவே நூறு தடவை செஞ்ச ஸ்மார்ட் டஸ்ட்பின்னைத் திரும்பச் செஞ்சுக்கிட்டு இருக்கோம். இங்க ஒருத்தன் மழையில நனைஞ்சு வந்து நிஜமான தலைப்பைக் கையில கொடுத்துட்டுப் போறான்.

நியாயத்துக்கு இதையும் சொல்லணும். சின்னப் படகுக்காரங்க வலையிலும் ஆமை விழும். விழுந்தா என்னக்கா பண்ணுவாங்கன்னு அந்த அக்காகிட்ட கேட்டேன். "அறுத்து விட்டுருவாங்க. ஆமை எங்களுக்குச் சாமி மாதிரி. ஆனா வலைக்குக் கடன் வாங்குனது சாமி இல்லியே"ன்னாங்க. மகாராஷ்டிராவுல இந்த மாதிரி வலையை அறுத்து ஆமை, டால்பினை விடுறவங்களுக்கு 25,000 ரூபாய் வரைக்கும் இழப்பீடு கொடுக்கிற திட்டம் 2018-ல இருந்து இருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் பாக் நீரிணைப்புல, வலையில சிக்கின கடற்பசுவை விட்டவங்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்திருக்கு. இதெல்லாம் எனக்கே அந்த வாரம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது. அந்த அக்கா கேட்கலைன்னா தேடியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் ஃபார்ம். பெரியவர் திரும்பவும் வந்திருந்தார், திண்ணையில அண்ணன் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டு. அவர் தெருவுல புது எல்.இ.டி. விளக்கு போட்டதுக்கு அப்புறம் ஆமைக் குஞ்சுகள் வீட்டுப் பக்கம் ஊர்ந்து வந்ததைச் சொல்லிக்கிட்டு இருந்தார். போர்டுல பொதுவா இருக்கிற விஷயம், அவர் சொன்னதுல எந்தக் கம்பம், எத்தனாவது வீடுன்னு இருக்கு. நான் எழுதுறதை எட்டிப் பார்த்து, ஒரு கட்டத்தைக் காட்டி என்னா தம்பி இதுன்னார். படிச்சேன்: "பயனாளிகள் எண்ணிக்கை."

சிரிச்சார். "சுனாமிக்கு அப்புறம் ரெண்டு வருஷம் எங்க பேரு எல்லாமே அதான். ஆளுக்கு ஒரு ஃபார்மோட வருவாங்க. பேரு கேப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, பயனாளின்னு எழுதிக்குவாங்க. அப்பறம் வர மாட்டாங்க."

2004 டிசம்பர்ல தமிழ்நாட்டுல அதிகமா உயிர் போனது நாகை மாவட்டத்துலதான். எனக்கு அது பாடப் புத்தகத்துல ஒரு பத்தி. நான் அப்ப கைக்குழந்தை கூட ஆகியிருக்க மாட்டேன். அவர்கிட்ட மேல எதுவும் கேட்கலை, கேட்கத் தெரியலை.

அந்தக் கட்டத்துல 4-ன்னு எழுதினேன். பொய் இல்லாத நம்பர்தான், ஆனாலும் அதுவும் தப்பாவே பட்டுச்சு. அன்னைக்குப் பயன் அடைஞ்சது யாருன்னு அந்தக் கட்டம் கேட்கவே இல்லையே. ராத்திரி ஃபார்மை அனுப்பினதும் ரிப்ளை: "4? 40-னு போட்டிருக்கலாமே." 4-தான்னு பதில் போட்டேன். மறுபடி ரிப்ளை இல்லை. போன வருஷத்து 120-ஐத் திருத்த வழியில்லை, அதனாலதான் இங்க எழுதுறேன்.

சரி, என்ன பண்ணலாம்? என் யோசனை ரெண்டுதான்.

ஒண்ணு, கடலுக்குப் போக வேண்டாம்னு அறிவிக்கிற நாள்ல மையம் திறந்திருக்கணும், நம்ம ஆள் ஒருத்தராவது இருக்கணும். உடனே கஜா புயலைக் காட்டி என்னைத் திட்டாதீங்க. 2018 நவம்பர் 16-ல அந்தக் கரை என்ன பாடு பட்டுச்சுன்னு வாட்சர் அண்ணன் சொல்லக் கேட்டிருக்கேன். பெரிய எச்சரிக்கை இருக்கிற நாள்ல வீட்டுல இருங்க, ஹாஸ்டல்ல இருங்க. நான் சொல்றது ஒண்ணாம் நம்பர் கூண்டு நாளை. ஒரு ஐப்பசி, கார்த்திகையில அப்படி எத்தனை நாள் வருதுன்னு நீங்களே பார்த்திருப்பீங்க.

ரெண்டாவது முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு எதுவும் போகாது. அந்தப் பசங்க எல்லாரும் கரையில வலை பின்னிக்கிட்டும் படகுக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டும் இருப்பாங்க. இழுவலையைப் பத்திப் பேச இதைவிட நல்ல நேரம் வருஷத்துல இல்லை. நம்ம டியூட்டி லிஸ்ட் மார்ச் 31-ஓட முடியுது. ஏன்னா அதுக்கு மேல டூரிஸ்ட் வர மாட்டாங்க.

செமஸ்டர் எக்ஸாம் வருதே, யார் போறதுன்னு நீங்க கேட்பீங்க. தெரியும், எனக்கும் அதே எக்ஸாம்தான். தினமும் வேண்டாம், எல்லாரும் வேண்டாம். எக்ஸாம் முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு நாள். நாகை, வேதாரண்யம், காரைக்கால் பக்கத்து ஆளுங்களுக்கு அது லீவுல வீட்டுப் பக்கமே இருக்கு. இன்னொண்ணு, போறவங்க ஸ்க்ரிப்டை ஹாஸ்டல்லயே வெச்சுட்டுப் போங்க. ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. அந்த ஊர்க்காரங்க எதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு எழுதிட்டு வாங்க. 'பங்குனி ஆமை'ங்கிற வார்த்தையை அந்த போர்டுல சேர்க்கச் சொல்லி லெட்டர் கொடுத்திருக்கேன். அதுவரைக்கும் ஒரு ஏ ஃபோர் தாளை வாட்சர் அண்ணன் செல்லோ டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கார். எழுத்து என்னுடையது, 'ங்கு' கொஞ்சம் கோணலா இருக்கும்.

தடைக்கால டியூட்டிக்கு ஒரு ஷீட் கிளப் குரூப்ல போட்டிருக்கேன். இதுவரைக்கும் ரெண்டு பேர். ஒண்ணு நான். இன்னொருத்தன் செகண்ட் இயர் மெக்கானிக்கல், ஒன்றரை வருஷமா நம்ம கிளப்லதான் இருக்கான். பேர் கொடுத்துட்டுத் தனியா ஒரு மெசேஜ் போட்டான்: "அண்ணா, எங்க அப்பா விசைப்படகு டிரைவர்தான். தடைக்காலத்துல வீட்டுலதான் இருப்பார். கூட்டிட்டு வரவா?"